குதிரை என்ன விலை?

"ஒரு கோடியே இருபத்தைந்து லட்சம் சார். ஒரு காருக்கு! அதுவும் பின் சீட்டில் நான் நிமிர்ந்து உட்கார முடியாத காருக்கு."

பத்மாராவ் நகர் ஸ்கந்தகிரி கோயிலில் தரிசனம் முடித்து, செருப்பைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் நண்பர் இப்படி ஆரம்பித்தார். ராமச்சந்திராபுரம் 'பெல்' தொழிற்சாலையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மெகாவாட் கணக்கில் சக்தியைக் கக்கும் டர்பைன்களைக் கையால் தொட்டுப் பார்த்த மனிதர். அவரை நானூற்றுச் சொச்சம் குதிரை சக்தி கொண்ட ஒரு கார் தூங்கவிடாமல் அடித்துக்கொண்டிருந்தது. கச்சிபௌலியில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் கை நிறையச் சம்பாதிக்கும் மகனுக்கு மஸ்டாங் பைத்தியம். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கலாம் என்றால், "முதலில் கார்" என்கிறானாம். "நீங்கள் வந்து இரண்டு வார்த்தை சொல்லுங்கள். நான் சொன்னால் கேட்கமாட்டான்."

போனேன். எதிர்பார்த்ததற்கு மாறாகப் பையன் கனவில் மிதப்பவனாக இல்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்து மேஜையில் வைத்தான். "பாருங்க அங்கிள், எல்லாம் கணக்குப் போட்டாச்சு" என்றான். முதல் பக்கத்தில் இருந்த தேதி 2016 ஜனவரி 28.

அன்றுதான் ஃபோர்டு நிறுவனம் தில்லியில் மஸ்டாங் காரை இந்தியாவுக்கென்று முதன்முதலாகத் திரை விலக்கிக் காட்டியது. அடுத்த வாரமே ஆட்டோ எக்ஸ்போவில் கூட்டம் அதைச் சுற்றி மொய்த்தது. காரைக் காட்டினார்கள், விலையைச் சொல்லவில்லை. ஜூலை 13 வரை, ஐந்தரை மாதம், நாடெங்கும் உள்ள கார் பிரியர்களுக்கு வேறு வேலையே இல்லை. ஹைதராபாதில் இன்ஜினீயரிங் படித்துக்கொண்டிருந்த இந்தப் பையனும் சிநேகிதர்களும் இரானி சாயா கடையில் உட்கார்ந்து, ஒரு சாயாவை இரண்டாகப் பிரித்துக் குடித்தபடி, வாங்கவே முடியாத காரின் விலையை ஊகித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் 50 லட்சம் என்றான். இன்னொருவன் 80 என்றான். தோற்றவன் எல்லோருக்கும் பிரியாணி வாங்கித் தரவேண்டும் என்று பந்தயம். கடைசியில் தில்லி ஷோரூம் விலை ரூ.65 லட்சம் என்று வந்தபோது யாருமே ஜெயிக்கவில்லை. பிரியாணியை அவரவர் காசில் சாப்பிட்டார்கள்.

இதை வேடிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது. மசில் கார் என்ற ஜாதியின் பிறப்பு ரகசியமே விலையில்தான் இருக்கிறது. முண்டா தட்டும் கார் என்று வேண்டுமானால் தமிழில் சொல்லலாம். 1964-ல் அமெரிக்காவின் பான்டியாக் நிறுவனத்தில் ஜான் டிலோரியன் என்ற இன்ஜினீயரும் அவரது சகாக்களும் ஒரு காரியம் செய்தார்கள். நடுத்தர அளவுள்ள காருக்கு இவ்வளவு பெரிய எஞ்சினுக்கு மேல் பொருத்தக்கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் தலைமை விதி வைத்திருந்தது. இவர்கள் டெம்பெஸ்ட் என்ற சாதாரண காருக்கு 6.4 லிட்டர் எஞ்சினை, 'விரும்பினால் வாங்கிக்கொள்ளும் கூடுதல் வசதி' என்ற பெயரில் நுழைத்துவிட்டார்கள். விதி புதிய மாடலுக்குத்தானே, கூடுதல் வசதிக்கு இல்லையே! அந்த வசதிக்கு விலை 300 டாலருக்கும் குறைவு. ஜி.டி.ஓ. என்ற அந்தக் கார்தான் மசில் கார்களுக்கு ஆதிமூலம் என்று பலரும் ஒப்புக்கொள்கிறார்கள்.

அதே 1964-ல் ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஃபோர்டு தன் மஸ்டாங்கை இறக்கியது. ஆரம்ப விலை 2,368 டாலர். முதல் நாளே 22,000 பேர் ஆர்டர் கொடுத்தார்கள். ஒரு வருடத்தில் நான்கு லட்சத்துக்கு மேல் விற்றது. சுத்த சாஸ்திரப்படி அது 'போனி கார்', மசில் கார் வேறு என்று சண்டைக்கு வரும் பண்டிதர்கள் உண்டு. பெரிய எஞ்சின் வைத்த மஸ்டாங்குகள் வந்தபிறகு அந்தச் சண்டை அர்த்தமிழந்துவிட்டது என்பது என் கட்சி. முக்கியமான விஷயம் வேறு. தொழிற்சாலைத் தொழிலாளியும், பள்ளி ஆசிரியையும், முதல் வேலைக்குப் போன இளைஞனும் வாங்கிய கார் அது. ஃபெராரியை ஓட்ட பணக்காரனாகப் பிறக்கவேண்டும். மஸ்டாங்கை ஓட்ட மாதச் சம்பளம் போதும். அதுதான் அதன் கவர்ச்சி.

பையனின் நோட்டுப் புத்தகத்தில் இரண்டாவது பக்கத்துக்குப் போனால் அந்தக் கவர்ச்சி கடல் தாண்டும்போது என்ன ஆகிறது என்பது தெரிகிறது. 2016-ல் அமெரிக்காவில் 5 லிட்டர் வி-8 எஞ்சின் கொண்ட மஸ்டாங் ஜி.டி.யின் ஆரம்ப விலை சுமார் 32,000 டாலர். அன்றைய மாற்று விகிதத்தில் ஏறக்குறைய ரூ.21.5 லட்சம். இங்கே வந்தது கூடுதல் வசதிகளும் ஆட்டோமேட்டிக் கியரும் கொண்டது. அதற்காகச் சில ஆயிரம் டாலர் சேர்த்துக்கொள்ளலாம். என்ன சேர்த்தாலும் 65 லட்சம் ஆகாது. மீதியை ஏற்றியதில் பெரும் பங்கு வரிகளுக்கு.

இங்கேதான் ஒரு விசித்திரம் இருக்கிறது. முழுதாகக் கட்டி முடித்து இறக்குமதியாகும் கார்களுக்கு அப்போது இரண்டு விதமான சுங்க வரி. 40,000 டாலருக்கு மேற்பட்ட மதிப்புள்ள காருக்கு 100 சதவீதம். அதற்குக் கீழே 60 சதவீதம். ஆடம்பரத்துக்கு அதிக வரி, நியாயம்தான். ஆனால் கூடவே இன்னொரு நிபந்தனையும் உண்டு. பெட்ரோல் எஞ்சின் 3,000 சிசியைத் தாண்டினால் விலை எதுவாக இருந்தாலும் 100 சதவீதம். பெரிய எஞ்சின் என்றால் பெரிய பணக்காரன் என்று அரசு எண்ணிக்கொண்டது. ஐரோப்பாவிலிருந்து வரும் கார்களுக்கு அது பெரும்பாலும் பொருந்தும். பெரிய எஞ்சினை மலிவாகக் கொடுப்பதையே பிறவிப் பயனாகக் கொண்ட அமெரிக்கக் காருக்கு? குதிரை கீழே தள்ளியதோடு நிற்காமல் குழியும் பறித்த கதைதான்.

போதாக்குறைக்கு, கார் திரை விலகியதற்கும் விலை வெளியானதற்கும் இடையில் ஒரு பட்ஜெட் வந்தது. 2016 பிப்ரவரி 29 அன்று அருண் ஜேட்லி பெரிய கார்களுக்கு 4 சதவீதம் உள்கட்டமைப்பு மேல்வரி போட்டார். 10 லட்சத்துக்கு மேற்பட்ட காரை வாங்கும்போதே 1 சதவீதத்தை வருமான வரிக்கென்று பிடிக்கவும் ஏற்பாடு செய்தார். பையனின் நோட்டில் அந்த வாரத்துக் கணக்குகள் எல்லாம் அடித்துத் திருத்தப்பட்டிருக்கின்றன. மாநிலம் தன் பங்குக்குச் சும்மா இருக்குமா? தெலங்கானாவில் அன்று 10 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு ஆயுள் வரி 14 சதவீதம். 65 லட்சத்துக்கே கணக்கிட்டாலும் ரூ.9.1 லட்சம். ஒரு நல்ல மாருதி கார் விலை.

இத்தனைக்குப் பிறகும் ஆர்வலர்கள் 'மலிவு' என்றுதான் தீர்ப்பளித்தார்கள் என்றால் நம்பமுடிகிறதா? அவர்களுடைய தராசு வேறு. மொத்த விலையைக் குதிரை சக்தியால் வகுப்பார்கள். ஒரு குதிரை என்ன விலை? இந்திய மஸ்டாங்குக்கு 401 குதிரை சக்தி. (அமெரிக்காவில் அதே எஞ்சின் 435 கொடுத்தது. கப்பலில் வரும்போது 34 குதிரைகள் கடலில் குதித்துவிட்டன என்பது சாயா கடை ஜோக்.) ஒரு குதிரைக்கு ரூ.16,200. அந்தக் காலத்தில் ரூ.62.95 லட்சத்துக்கு விற்ற ஆடி எஸ்-5 காரில் 333 குதிரைகள். குதிரை ஒன்றுக்கு ரூ.18,900. ஒரு கோடியே 21 லட்சத்துக்கு அறிமுகமான பி.எம்.டபிள்யூ. எம்-4 காரில் 431, தலைக்கு ரூ.28,000. ஆக மஸ்டாங் வாங்குகிறவன் லாபம் பார்க்கிறான்! அமெரிக்காக்காரன் ஒரு குதிரைக்கு ஐயாயிரம் ரூபாய்கூடக் கொடுக்கவில்லை என்பதை மட்டும் அந்த நேரத்தில் நினைத்துப் பார்க்கக்கூடாது.

இந்த மாதிரிக் கணக்குகளில் எனக்கு அரைகுறை நம்பிக்கைதான். புடவையைக் கெஜக்கணக்கில் மட்டும் பார்த்து வாங்குவதைப் போன்றது அது. எடை, டயர், பிரேக், திருப்பங்களில் கார் எப்படி நடந்துகொள்கிறது என்பதெல்லாம் வகுத்தலில் வராது. 1,800 கிலோவை ஒட்டிய எடை கொண்ட மஸ்டாங், நேர்ச் சாலையில் ஐந்து விநாடிகளை ஒட்டி நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டுவிடும். வளைவுகளில் ஜெர்மன் கார்கள் அதைவிட லாகவமானவை. ஆனால் பையன் சொன்ன பதிலில் நியாயம் இருந்தது. "வளைவுக்கு வாங்கறதில்லை அங்கிள். ஸ்டார்ட் பண்ணினா கேட்குமே ஒரு சத்தம், அதுக்குத்தான்."

சரி, வாங்கியாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். எங்கே ஓட்டுவது? அகலம் 1,916 மில்லிமீட்டர். தரைக்கும் காரின் வயிற்றுக்கும் இடைவெளி 137 மில்லிமீட்டர். சாலைப் பொறியாளர்களின் விதிமுறைப்படி வேகத்தடையின் உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர். அந்த அளவில் போட்டிருந்தால் மஸ்டாங் தாண்டிவிடும். ஆனால் காலனிவாசிகள் ஞாயிற்றுக்கிழமை சந்தா வசூலித்துக் கொத்தனாரை வைத்துக் கட்டிய மேடுகளுக்கு எந்தப் பொறியாளரும் சாட்சியில்லை. செகந்திராபாத் சந்துகளில் மஸ்டாங் வாங்கியவர் குறுக்குவாட்டில் ஏற்றி இறக்கிக் கொள்ளவேண்டியதுதான்.

அகன்ற சாலைக்கு ஹைதராபாதில் பஞ்சமில்லை. நகரைச் சுற்றி 158 கி.மீ. நீளத்துக்கு எட்டுத் தடங்களோடு வெளிவட்டச் சாலை ஓடுகிறது. 2023-ல் அதன் வேக வரம்பை நூறிலிருந்து 120 ஆக உயர்த்தினார்கள். சுங்கச் சாவடியைத் தாண்டி ஆக்சிலரேட்டரை அழுத்தினால் மஸ்டாங்குக்கு அந்த வரம்பை எட்ட ஏழெட்டு விநாடி. அதற்குப் பிறகு மிச்சமிருக்கும் குதிரைகளுக்கு வேலையில்லை. வேலை கொடுத்தால் சட்டம் மட்டும் மீறப்படுவதில்லை.

இந்த ஊருக்கு அது நன்றாகத் தெரியும். 2011 செப்டம்பரில் இதே வெளிவட்டச் சாலையில், 1,000 சிசி மோட்டார் சைக்கிளில் போன முன்னாள் கிரிக்கெட் கேப்டன் அசாருதீனின் மகன் விபத்துக்குள்ளாகிச் சில நாள்களில் இறந்தார். பின்னால் உட்கார்ந்திருந்த உறவுக்காரப் பையனும் பிழைக்கவில்லை. ஒருவருக்கு 19 வயது, மற்றவருக்கு 16. 2017 மே 10 அதிகாலையில் ஆந்திர அமைச்சர் நாராயணாவின் மகன் ஓட்டிய மெர்சிடிஸ் ஜூபிலி ஹில்ஸில் மெட்ரோ ரயில் தூணில் மோதி, அவரும் நண்பரும் உயிரிழந்தனர். இரண்டு சம்பவங்களையும் நண்பர் என்னிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார். மகனிடம் சொன்னாரா என்று கேட்டேன். "அதைச் சொல்ல வாய் வரவில்லை சார். அதனால்தான் பணத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன்" என்றார்.

நானும் பேசத் தயங்கினேன். பையனே பேசினான். "பயோடைவர்சிட்டி ஃப்ளைஓவர் ஞாபகம் இருக்கா அங்கிள்?" 2019 நவம்பரில், திறந்து மூன்று வாரம்கூட ஆகாத மேம்பாலத்திலிருந்து ஒரு கார் பறந்து கீழே விழுந்தது. சாலையோரம் நின்ற ஒரு பெண் இறந்தார். 40 கி.மீ. வரம்புள்ள இடத்தில் நூறை ஒட்டிய வேகம் என்றது போலீஸ். "அது மசில் கார் இல்லை. சாதாரண ஹேட்ச்பேக். நூறு குதிரை சக்தியே போதும், ஆளைக் கொல்ல. நான் அந்த மாதிரி ஓட்டமாட்டேன்." அப்பா ஒன்றும் சொல்லவில்லை. இப்படி ஒரு வாக்குறுதியை இதற்கு முன் யாரும் யாருக்கும் கொடுத்ததில்லையா என்ன.

ஓட்டிப் பார்க்க முறையான இடம் பந்தயத் தடம்தான். 2023 பிப்ரவரி 11 அன்று ஹுசைன் சாகர் கரையில் ஃபார்முலா-இ பந்தயம் நடந்தபோது ஹைதராபாதுக்கு அந்தப் பாக்கியமும் வந்துவிட்டது என்று ஊர் பூரித்தது. பிரான்சின் ழான்-எரிக் வெர்ன் ஜெயித்தார். அடுத்த வருடப் பந்தயம் ரத்தாகி, விவகாரம் வழக்கில் போய் நின்றது. அதுவும் தெருவை அடைத்து நடத்திய பந்தயம். நீங்களும் நானும் கார் கொண்டுபோய் ஓட்டக்கூடியதல்ல. சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டைத் தடம் 1990-லிருந்து இருக்கிறது. இங்கிருந்து 600 கி.மீ.க்கு மேல். போய்ச் சேர்வதற்குள் பெட்ரோல் டேங்க் எத்தனை முறை காலியாகும் என்பதையும் பையன் எழுதி வைத்திருக்கிறான்.

ஓட்டுவதற்கு என்றே கார் வாங்குகிறார்கள் என்று நினைப்பது நம்முடைய நடுத்தர வர்க்கத்து மூடநம்பிக்கையாகவும் இருக்கலாம். சௌமஹல்லா அரண்மனைக்குப் போனால் நிஜாமின் மஞ்சள் நிற ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் கோஸ்ட் காரைப் பார்க்கலாம். 1912-ஐச் சேர்ந்தது. உள்ளே ஒரு சிம்மாசனம். ஊர்வலத்தில் யானைக்குப் பதில் ஊர்ந்து போவதற்காகச் செய்தது. அதன் குதிரை சக்தி என்ன என்று அந்தக் காலத்தில் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்த வழக்கம் ஊரை விட்டுப் போகவில்லை. 2024 ஆகஸ்டில் கைரதாபாத் போக்குவரத்து அலுவலகத்தில் 'டிஜி 09 9999' என்ற ஒற்றை எண் ரூ.25.5 லட்சத்துக்கு ஏலம் போயிற்று. யானையை வாங்கியவர் அங்குசத்துக்குக் கணக்குப் பார்ப்பதில்லை.

ஆசைக்கும் வரிக்கும் உள்ள இடைவெளியில் சிலர் பாலம் கட்டுவதும் உண்டு. 2025 மே மாதம் வருவாய்ப் புலனாய்வுத் துறை ஹைதராபாத் ஷோரூம் உரிமையாளர் ஒருவரைக் கைது செய்தது. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் வாங்கிய சொகுசு கார்களுக்குத் துபாயிலோ இலங்கையிலோ ஸ்டீயரிங்கை வலப்பக்கம் மாற்றி, மதிப்பைப் பாதியாகக் குறைத்துக் காட்டி, சுமார் ரூ.25 கோடி சுங்க வரி ஏய்த்ததாகக் குற்றச்சாட்டு. வழக்கின் கதி எப்படியானாலும், இப்படி வந்த காரை நல்ல எண்ணத்தோடு வாங்கியவரின் வாசலில் ஒருநாள் ஜீப் வந்து நிற்கலாம். 'ஒரு ஏஜென்ட் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்கிறார்' என்ற பேச்சைப் பையன் எடுத்தபோது நான் தயக்கமில்லாமல் சொன்ன ஒரே விஷயம், அந்தப் பக்கம் போகாதே என்பதுதான்.

நேர்வழியில் வந்த மஸ்டாங்குகளின் கதையும் சீக்கிரம் முடிந்துபோனது. விலை ஏறி ஏறி 74 லட்சத்தைத் தாண்டியது. 2020-ல் பி.எஸ்.-6 புகை விதி அமலானபோது அது கடைகளிலிருந்து மறைந்தது. 2021 செப்டம்பர் 9 அன்று ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பையே நிறுத்துவதாக அறிவித்தது. மறைமலை நகரில் எத்தனை குடும்பங்களில் அன்று அடுப்பு எரியவில்லை என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. மஸ்டாங் போன்ற கார்களை இறக்குமதி செய்து விற்போம் என்று நிறுவனம் அப்போதே சொல்லி வைத்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் அது நடக்கவில்லை. 2025 அக்டோபரில் அதே மறைமலை நகரில் எஞ்சின் தயாரிக்க ரூ.3,250 கோடிக்குத் தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டதும் ஆர்வலர்களுக்கு மறுபடி ஆசை துளிர்த்துவிட்டது. எஞ்சினுக்கு ஒப்பந்தம் போட்டவர்கள் காரைக் கொண்டுவராமலா இருப்பார்கள்?

பையனின் நோட்டில் கடைசிப் பக்கம் அந்த ஆசைக்கு விலை போடுகிறது. 2022 செப்டம்பரில் டெட்ராய்ட்டில் அறிமுகமான ஏழாம் தலைமுறை மஸ்டாங் ஜி.டி.க்குக் குறைந்தது 480 குதிரை சக்தி. முதலில் விற்பனைக்கு வந்தபோது விலை சுமார் 42,500 டாலர். டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்தால் ரூ.36 லட்சம். 2025 பட்ஜெட்டில் சுங்க வரியின் பெயர்கள் மாறின. கூட்டினால் பழைய 110 சதவீதமே வந்தது. அதைச் சேர்த்தால் ரூ.76 லட்சம். அதன் மேல் 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கு 40 சதவீதம் ஜி.எஸ்.டி. ஒரு கோடியே 6 லட்சம். தெலங்கானா ஆயுள் வரி 2022-ல் 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு 18 சதவீதமாகியது, பிறகு இறங்கவில்லை. ஒரு கோடியே 25 லட்சம். கப்பல் கூலி, டீலர் லாபம், இன்ஷூரன்ஸ் எதுவும் இதில் இல்லை. பிரிட்டனுடன் 2025 ஜூலையில் கையெழுத்தான ஒப்பந்தம் அந்த நாட்டுக் கார்களுக்கு, ஓர் ஒதுக்கீட்டுக்குள், வரியைப் படிப்படியாக 10 சதவீதத்துக்கு இறக்க வழி செய்கிறது. அமெரிக்கக் காருக்கும் அப்படி ஒரு நாள் வரும் என்பது பையனின் நம்பிக்கை. 10 சதவீதம் என்று போட்டு அவன் ஒரு கணக்குச் செய்தான். ஆயுள் வரியோடு சேர்த்து 66 லட்சம். முதல் மஸ்டாங்கின் பழைய விலைக்கே வந்துவிட்டது.

ஆனால் அவன் தராசையே தூக்கி எறியும் சரக்கு ஏற்கெனவே சந்தைக்கு வந்துவிட்டது. 2024 மார்ச்சில் அறிமுகமான சீனாவின் பி.ஒய்.டி. சீல் என்ற மின்சாரக் காரின் உயர்ரகத்துக்கு விலை ரூ.53 லட்சம், சக்தி 530. ஒரு குதிரைக்குச் சரியாகப் பத்தாயிரம் ரூபாய். நூறு கிலோமீட்டர் வேகத்துக்கு 3.8 விநாடி, பழைய மஸ்டாங் கண்ணாடியில் புள்ளியாகத் தெரியும். மின்சார வண்டிகளுக்குத் தெலங்கானா அரசு 2024 நவம்பரிலிருந்து 2026 டிசம்பர் 31 வரை ஆயுள் வரியே இல்லை என்று அறிவித்தது. சீனத்துச் சரக்கு வேண்டாம் என்றால், 2024 நவம்பரில் சென்னையில் மஹிந்திரா அறிமுகப்படுத்திய பி.இ.-6 இருக்கிறது. 286 குதிரை சக்தி கொண்ட உச்ச ரகம் ரூ.26.9 லட்சத்துக்கு வந்தது. தலைக்கு ரூ.9,400. மாதச் சம்பளக்காரன் எட்டிப் பிடிக்கக்கூடிய விலையில் மிதமிஞ்சிய சக்தி: 1964-ல் டிலோரியன் செய்ததும் இதுதானே? சாஸ்திரப்படி இந்தியாவின் முதல் மசில் கார் இதுதான் என்று நான் வாதாடினேன்.

"சத்தம் வராதே அங்கிள்" என்றான் பையன்.

அமெரிக்காவில் முதல் தலைமுறை மசில் கார்களை முடித்து வைத்தது 1973-ன் பெட்ரோல் நெருக்கடி என்று பொதுவாகச் சொல்வார்கள். அதற்கு முன்பே இன்ஷூரன்ஸ் நிறுவனங்கள் இளைஞர்களுக்கான பிரீமியத்தை ஏற்றியும், 1970-ன் தூய காற்றுச் சட்டம் புகையைப் பிடித்தும் கழுத்தை நெரிக்கத் தொடங்கிவிட்டன. இங்கே மின்சாரம் அந்த வேலையைச் செய்யப்போகிறது. வேகத்தை யாரும் தடுக்கப்போவதில்லை. அது மலிவாகவே கிடைக்கும். உறுமல்தான் ஆடம்பரப் பொருளாகிவிடும். ஒரு கோடியே 25 லட்சத்தில் எவ்வளவு காருக்கு, எவ்வளவு சத்தத்துக்கு என்று பிரித்துப் பார்த்தால் நண்பருக்கு மயக்கம் வந்துவிடும் என்பதால் அந்தக் கணக்கை நான் போடவில்லை.

பேச்சு கொஞ்சம் அடங்கியபோது நண்பர் சம்பந்தமில்லாமல் கான்டெஸாவைப் பற்றி ஆரம்பித்தார். 1984-ல் உத்தர்பாராவிலிருந்து வந்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கார். பிரிட்டனின் வாக்ஸ்ஹால் விக்டரின் உடம்பு, அம்பாசடரின் எஞ்சின். நீளமான முகப்பும் படுத்த உருவமுமாக அமெரிக்கக் கார் மாதிரி நிற்கும். புறப்பட்டால் ஐம்பது குதிரைகள் மூச்சு வாங்கும். பிறகு ஜப்பானின் இசுஸு எஞ்சின், ஐந்து கியர் எல்லாம் வந்து கொஞ்சம் கௌரவம் கிடைத்தது. 2002-ல் தயாரிப்பு நின்றது. இன்றும் அதை வாங்கிப் புதுப்பித்து, கறுப்பு வர்ணம் பூசி, 'இந்தியாவின் மசில் கார்' என்று நிறுத்திவைக்கும் இளைஞர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள்.

"டவுன்ஷிப்பில் ஒரு பெரிய அதிகாரி வைத்திருந்தார் சார். வெள்ளை நிறம். சாயந்திரம் கேட்டில் நுழையும்போது நான் ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திவிட்டு அது போகிறவரை பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த இசுஸு வண்டி. சத்தமே தனி" என்றார். பையன் இதை முதல் தடவையாகக் கேட்கிறான் என்பது முகத்தில் தெரிந்தது. "நீங்க ஏன்பா வாங்கலை?" என்றான். "உன் ஸ்கூல் ஃபீஸ் யார் கட்டறது?"

பையன் கைப்பேசியை எடுத்து எதையோ தேடினான். யாரோ ஒருவர் தன் வீட்டு வாசலில் மஸ்டாங்கை ஸ்டார்ட் செய்யும் படம். சின்ன ஸ்பீக்கரிலும் அடிவயிற்றில் பிடிக்கிற சத்தம். அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, மிக்ஸியில் ஏதாவது கோளாறா என்று கேட்டுவிட்டுப் போனார். நண்பர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?"

"சிட்டியில அஞ்சு, ஆறுப்பா."

"ம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னொரு தரம் போடு" என்றார்.